நீரிழிவும் பணி வாழ்வும்

'நீரிழிவு' என்னும் சொல்லைப் பிரித்தால் நீர், இழிவு என்னும் இரு சொற்கள் கிடைக்கும். இழிதல் என்பதற்கு இறங்குதல், வழிதல் என்னும் பொருள்கள் உண்டு. மலையினின்று இழியும் அருவி என்று எழுதும்போது நாம் அருவிக்கு எந்தக் குறையையும் கற்பிப்பதில்லை. உடலின் நீர் அளவு மீறி வெளியேறும் நோய் என்னும் கருத்திலேயே இப்பெயர் அமைந்தது. கிரேக்கர் இந்நோய்க்கு இட்ட பெயருக்கும் 'ஊடே கடந்து செல்வது' என்பதே பொருள். ஆனால் இன்றைய பேச்சு வழக்கில் இழிவு என்றால் தாழ்வு என்னும் ஒரு பொருளே நிலைத்துவிட்டது. சொல்லுக்கு நேர்ந்த கதி நோய்க்கும் நேர்ந்துவிட்டதோ என ஐயுற வேண்டியுள்ளது. பணிக்குச் செல்லும் நம் மக்களுள் பலர் இந்நோயை ஒரு தாழ்வாகவே கருதி, உடன் பணிபுரிவோரிடமிருந்து அதை மறைத்து வாழ்கின்றனர்.

பதவி உயர்வு பெற்ற நண்பர் இனிப்புப் பெட்டியை நீட்டுகிறார். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டிவரும். ஆகவே எடுத்துத் தின்றுவிடுகிறார் ஒருவர். இன்சுலின் ஊசியைக் கழிப்பறைக்குள் நின்று போட்டுக்கொள்கிறார் இன்னொருவர். மேலாளர் பார்த்துவிடுவாரோ என்று அஞ்சி நண்பகல் ஊசியையே விட்டுவிடுகிறார் மற்றொருவர். மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் காலை, நண்பகல், இரவு என்று மூன்று வேளைகள் ஒழுங்காக உள்ளன. ஆனால் தொழிற்சாலைச் சங்குக்கும், பேருந்தின் கால அட்டவணைக்கும், கடைக்கு வரும் கூட்டத்துக்கும் அந்தச் சீட்டு தெரியாது. சீட்டையும் சங்கையும் இணக்கப்படுத்துவது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னை ஆய்வாளர்கள் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்படி இந்நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் நீரிழிவு உடையோர், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாயிலில் நிற்போர். மேலை நாட்டினரைக் காட்டிலும் ஏறக்குறையப் பத்தாண்டுகள் முன்னதாகவே இந்நோய் நம்மவரைப் பற்றுகிறது என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. அதாவது, ஓய்வு பெற்று வீட்டில் அமர்ந்தபின் வந்த நோய் அன்று இது. பிள்ளைகளின் கல்விக் கட்டணம், வீட்டுக் கடன், பெண்ணின் திருமணம் என்று சுமைகள் மிகுந்த நாற்பதாம் வயதில் வருவது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948ஆம் ஆண்டிலேயே பேராசிரியர் மு. விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். இத்துறையில் தமிழகத்துக்கு நெடிய மரபு உண்டு. அம்மரபின் பயன் ஆலைவாயில் வரை வந்து சேர்ந்ததா என்பது வேறு கேள்வி.

அடுப்பின் மூன்று கற்கள்

நாம் உண்ணும் சோறும் இட்டிலியும் செரித்துக் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகிக் குருதியில் கலக்கின்றன. அச்சர்க்கரை உயிரணுக்களுக்குள் புக இன்சுலின் தேவை. வயிற்றின் பின்புறம் அமைந்த கணையம் அதனைச் சுரக்கிறது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்கள் அழிந்துபட்டால் வருவது முதல் வகை நீரிழிவு. இது பெரும்பாலும் இளமையிலேயே தோன்றும். இதற்கு இன்சுலின் ஊசி இன்றியமையாதது. இன்சுலின் சுரந்தும் உடல் அதற்கு இணங்க மறுக்க, நாளடைவில் சுரப்பும் குன்றிப்போவது இரண்டாம் வகை. நம்மிடையே காணப்படுவது பெரும்பாலும் இதுவே. 1921ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் பேண்டிங், பெஸ்ட் ஆகிய இருவரும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதற்கு முன் முதல் வகை நோயுற்ற பிள்ளைகள் சில ஆண்டுகளுக்குமேல் உயிர் வாழ்ந்ததில்லை. 'பணி செய்துகொண்டே நீரிழிவோடு வாழ்வது' என்னும் பேச்சுக்கே இடம் தந்தது அந்தக் கண்டுபிடிப்புத்தான்.

வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டர் குருதியில் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், குளுக்கோஸ் அருந்தி இரண்டு மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல் சர்க்கரை இருப்பின் அது நீரிழிவு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி என்னும் சோதனையில் 6.5 விழுக்காடு எல்லை. நோயுற்றபின் பலருக்கு இதனை 7 விழுக்காட்டுக்குக் கீழ் வைத்திருக்குமாறு மருத்துவர் கூறுவர். வேலைக்குச் செல்வோர் இந்த மூன்று மாதச் சோதனைக்கே முதன்மை தர வேண்டும். சோதனைக்கு முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து நல்ல எண்ணிக்கை வாங்கிவரும் வழக்கம் நம்மிடம் உண்டு. தேர்வுக்கு முதல் நாள் மட்டும் படிக்கும் மாணவரை நாம் கடிந்துகொள்கிறோம். இதையும் அவ்வாறே கருத வேண்டும். மூன்று மாதச் சோதனை அத்தகைய ஏமாற்றுக்கு இடங்கொடுப்பதில்லை.

மருந்து, உணவு, உழைப்பு ஆகிய மூன்றும் அடுப்பின் மூன்று கற்கள் போன்றவை. ஒன்றை நகர்த்தினால் பானை சரியும். காலை எட்டு மணிக்கு மாத்திரை உண்டவர், ஒன்பது மணிக்கு உணவு வரும் என்னும் கணக்கில்தான் அதை உண்டார். அதிகாரி அவசரக் கூட்டம் கூட்டி உணவு பதினொன்றுக்குத் தள்ளிப்போனால், மாத்திரை தன் வேலையை நிறுத்திக்கொண்டு காத்திராது. சரக்கு வண்டி வந்து மூட்டை இறக்கும் வேலை திடீரெனச் சேர்ந்தாலும் இதுவே நேரும். உழைக்கும் தசை சர்க்கரையை மிகுதியாக உறிஞ்சிவிடும். ஆகவே பணியிடத்தில் நீரிழிவுடையார்க்கு உடனடி அச்சம் சர்க்கரை ஏறுவதால் அன்று, இறங்குவதால்.

தாழ் சர்க்கரை

குருதியில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்குவதைத் தாழ் சர்க்கரை என்பர். கை நடுங்கும், வியர்வை பெருகும், நெஞ்சு படபடக்கும், கடும்பசி எடுக்கும். கவனியாது விட்டால் பேச்சுக் குழறும், எண்ணம் தடுமாறும், காரணமின்றிச் சினம் எழும், இறுதியில் நினைவு தப்பும். இன்சுலின் போட்டுக்கொள்வோருக்கும், கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளை உண்போருக்கும் இது நேரக்கூடும். மெட்பார்மின் ஒன்றை மட்டும் உண்போருக்குப் பெரும்பாலும் நேர்வதில்லை. தாம் உண்ணும் மாத்திரை எவ்வகையைச் சேர்ந்தது என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுதல் ஒவ்வொரு பணியாளரும் செய்ய வேண்டிய முதற்செயல். பலர் 'வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை' என்னும் அளவிலேயே நின்றுவிடுகின்றனர்.

இதன் சமூகப் பக்கம் ஒன்று உண்டு. அதை மருத்துவ நூல்கள் விரித்துப் பேசுவதில்லை. பேச்சுக் குழறி, நடை தள்ளாடி, சொன்னது புரியாமல் நிற்கும் மனிதரைப் பார்ப்பவர் என்ன நினைப்பர்? குடித்திருக்கிறார் என்றே நினைப்பர். நாற்பது ஆண்டுகள் மது வாடை அறியாத ஒருவர், தம் தொழிற்கூடத்தில் பத்துப் பேர் முன்னிலையில் அப்பழிக்கு ஆளாவதை எண்ணிப் பாருங்கள். நோயை மறைத்ததற்குக் கிடைக்கும் கூலி அதுவாக இருக்கக்கூடும். நோயை ஒருவர் அறிந்திருந்தால் அந்நேரத்தில் மூன்று கரண்டிச் சர்க்கரை கிடைத்திருக்கும். அறியாததால் பணிநீக்கக் கடிதம் கிடைக்கும்.

செய்ய வேண்டுவது எளிது. விரைந்து கரையும் சர்க்கரை ஏறத்தாழ 15 கிராம் உட்கொள்ள வேண்டும். தேக்கரண்டியில் மூன்று அல்லது நான்கு அளவு சர்க்கரையோ குளுக்கோஸ் மாவோ நீரில் கரைத்துக் குடிக்கலாம். அரைக் குவளைப் பழச்சாறும் போதும். சாக்லேட்டும் பிஸ்கட்டும் இதற்கு உதவா. அவற்றிலுள்ள கொழுப்பும் மாவும் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். பதினைந்து நிமிடம் அமர்ந்திருந்து மறுபடி சோதிக்க வேண்டும். ஏறவில்லையெனில் மீண்டும் அதே அளவு. தெளிந்தபின் அடுத்த வேளை உணவு தொலைவில் இருப்பின் இரண்டு இட்டிலியோ ஒரு வாழைப்பழமோ உண்ண வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. அது மூச்சுக்குழலுக்குள் சென்றுவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து 108 வண்டியை அழைக்க வேண்டும். நற்செயல் என்று எண்ணி மயங்கியவர் வாயில் சோடாவை ஊற்றும் வழக்கம் நம் கடைத்தெருக்களில் இன்னும் உள்ளது.

வண்டி ஓட்டுவோர்க்கும், உயரத்தில் ஏறி வேலை செய்வோர்க்கும், சுழலும் எந்திரத்தருகே நிற்போர்க்கும் இது உயிர்ப் பிரச்சினை; அவருடைய உயிர் மட்டுமன்று. ஓட்டுநர் உரிமத்துக்கான உடல்நலப் படிவம், திடீரென நினைவிழத்தலோ தலைச்சுற்றலோ உண்டா என்று கேட்கிறது. கேள்வி நோயின் பெயரைப் பற்றியது அன்று என்பதைக் கவனிக்க. இன்சுலின் எடுக்கும் ஓட்டுநர்க்குப் பிரிட்டன் வகுத்துள்ள விதிகள் பின்பற்றத்தக்கவை: புறப்படுமுன் சோதித்தல், நெடும்பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சோதித்தல், 90 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பின் ஏதேனும் உண்டபின்னரே ஓட்டுதல், தாழ் சர்க்கரை வந்துவிட்டால் அளவு சீரானபின்னும் 45 நிமிடம் காத்திருத்தல். அதே நாடு 2012ஆம் ஆண்டு முதல் இன்சுலின் எடுக்கும் விமானிகளைக் கடும் கண்காணிப்போடு வணிக விமானம் ஓட்டவும் அனுமதித்தது. நோய் உண்டா என்று பார்ப்பதைவிட அது கட்டுக்குள் உள்ளதா என்று பார்ப்பதே முறை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தொழில்கள் பலவிதம்

துணிக்கடையில் பணிபுரிவோரை எண்ணுவோம். காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை நின்றே விற்பவர்கள். நெடுநாள் மிகுசர்க்கரை பாதத்தின் நரம்புகளைப் பழுதாக்கிவிடும். முதலில் எரிச்சல், பின் மரத்துப்போதல். மரத்துப்போன கால் வலியைச் சொல்லாது. செருப்பில் புகுந்த ஆணியோ சிறு கல்லோ நாள் முழுவதும் குத்திப் புண்ணாக்கினாலும், மாலையில் காலுறையில் குருதியைக் கண்டே அறிவார். நீரிழிவால் காலிழந்தோர் கதை பலவற்றின் தொடக்கம் இத்தகைய சிறு புண்ணே. ஊழியர் அமர இருக்கை தர வேண்டும் என்று கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021ஆம் ஆண்டு தமிழகம் திருத்தம் கொண்டுவந்தது. கேரளம் 2018இலேயே அதைச் செய்தது. இருக்கை வந்துவிட்டது, அதில் அமரத் துணிவு வந்ததா என்பதைக் கடைக்குச் செல்வோர் கண்ணால் பார்த்து அறியலாம். எம்.சி.ஆர். எனப்படும் மென்ரப்பர் செருப்பும், இரவு படுக்குமுன் இரு பாதங்களையும் கண்ணாடி வைத்தேனும் பார்க்கும் பழக்கமும் கடைப் பணியாளர்க்குக் காப்பு.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்துத் தோல் தொழிற்சாலைகளில் ஈரத்தரையில் ரப்பர் காலணியோடு நாள் கழிப்போர் பலர். காலிடுக்குகளில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். வேதிப்பொருள் பட்ட சிறு வெடிப்பும் ஆறாப் புண்ணாகும். இடைவேளையில் காலணியைக் கழற்றிக் காலைத் துடைத்து உலர்த்துவது இரண்டு நிமிட வேலை. அணியுமுன் காலணிக்குள் கைவிட்டுத் தடவிப் பார்ப்பது அரை நிமிடம். கொதிகலன், உலை, செங்கற்சூளை ஆகியவற்றின் அருகே வேகுவோர் மற்றொன்றும் அறிய வேண்டும். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் டாப்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன, நல்ல மருந்துகளே. ஆனால் வெப்பத்தில் உடல் நீர் வற்றும் தொழிலில் இருப்போர், தம் தொழில் இன்னது என்று மருத்துவரிடம் சொல்லாமல் அவற்றை உண்ணலாகாது. நம் மருத்துவர்கள் வயது கேட்கின்றனர், எடை பார்க்கின்றனர். 'என்ன வேலை, எந்நேர வேலை?' என்று கேட்போர் குறைவு. அவர் கேட்காவிடினும் நாம் சொல்ல வேண்டும்.

இரவுப் பணி வேறொரு வகை. உடலுக்குள் ஒரு கடிகாரம் உண்டு. நள்ளிரவில் இன்சுலின் பகலைப்போல் வேலை செய்வதில்லை. ஆகவே பகலில் உண்ணும் அதே உணவு இரவு இரண்டு மணிக்குச் சர்க்கரையை மிகுதியாக ஏற்றும். மருத்துவமனைச் செவிலியர், காவலர், கணினி நிறுவன ஊழியர், நூற்பாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வயிறு நிறைய உண்ணும் வேளை பணிக்குப் புறப்படுமுன் இருப்பது நல்லது. நள்ளிரவில் சுண்டல், மோர், வேகவைத்த முட்டை போன்ற சிற்றுணவு போதும். சீட்டில் 'காலை உணவுக்கு முன்' என்றிருக்கும் மாத்திரையை, காலையில் உண்டு உடனே உறங்கச் செல்பவர் என்ன செய்வது? இதற்கு விடையை மருந்துக்கடைக்காரரிடம் கேட்பதை விடுத்து மருத்துவரிடமே கேட்டுச் சீட்டை மாற்றி எழுதி வாங்க வேண்டும். வாரந்தோறும் பணிமுறை மாறுவோர்க்குப் பகல் முறைக்கு ஒரு சீட்டும் இரவு முறைக்கு ஒரு சீட்டும் வேண்டும்.

பெண் பணியாளர் படும் பாடு தனி. சர்க்கரை மிகும்போது அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும். கழிப்பறை இல்லாத கடைகளும், பூட்டிக் கிடக்கும் பள்ளிக் கழிப்பறைகளும் நம்மிடையே இல்லையா? அதற்கஞ்சி நாள் முழுவதும் நீரே பருகாமல் இருந்துவிடுகின்றனர். மிகுசர்க்கரையோடு நீரின்மையும் சிறுநீரை அடக்குதலும் சேர்ந்தால் சிறுநீர்த்தாரைத் தொற்று எளிதில் வரும்; தொற்று வந்தால் சர்க்கரை மேலும் ஏறும். ஒரு நிர்வாகி தம் பணியாளரின் நீரிழிவுக்குச் செய்யக்கூடிய பேருதவி, தூய்மையான கழிப்பறை ஒன்றைத் திறந்து வைப்பதே என்று சொன்னால் அது மிகையாகாது. வீட்டிலும் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு இறுதியில் எஞ்சியதை நேரங்கெட்டு உண்பவர் அவரே.

தேநீர்க் கணக்கு

உணவுக் கட்டுப்பாடு என்றதும் கேழ்வரகு, பாகற்காய் என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். பணியிடத்தில் சர்க்கரையை ஏற்றுவது பெரும்பாலும் தேநீரே. ஒரு குவளைக்கு இரண்டு கரண்டி எனக் கொண்டால் எட்டுப் பத்துக் கிராம். நாளைக்கு ஆறு தேநீர் குடிப்பவர் ஐம்பது, அறுபது கிராம் சர்க்கரையைத் தம்மையறியாமலே குடித்துவிடுகிறார். வீட்டில் சர்க்கரையில்லாத் தேநீர் குடித்துவிட்டு, அலுவலக வாயிலில் நண்பர்களோடு 'ஒன்று மட்டும்' என்று தொடங்குவோரும் உளர். கடைக்காரரிடம் 'எனக்குச் சர்க்கரை வேண்டாம்' என்று ஒரு முறை சொன்னால் மறுநாள் முதல் அவரே நினைவு வைத்துக்கொள்வார். நண்பகல் உணவில் சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தைக் கீரை, காய், பருப்பு, மீன் ஆகியவற்றால் நிரப்புவது, தனிச் சமையல் வேண்டாத எளிய வழி. திருமண விருந்து வாரம் ஒன்று வரும் மாதங்களில் பிரியாணியைத் தவிர்க்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை. இரண்டாம் முறை பரிமாறவரும்போது கையை இலைமேல் வைத்து மறைக்கும் பழைய பண்பு நல்லது என்று மட்டும் சொல்வேன்.

இத்தகைய சிறு மாற்றங்களால் பயனுண்டா என்பதற்குச் சென்னையிலேயே சான்று உள்ளது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நோயின் வாயிலில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அறிவுரை ஏதுமின்றி விடப்பட்டோரில் மூன்றாண்டுகளில் 55 விழுக்காட்டினர் நோயுற்றனர். உணவையும் நடையையும் சீர்செய்துகொண்டோரில் அது 39 விழுக்காடாகக் குறைந்தது. 2013ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. பணியிலுள்ள ஆடவர் 537 பேருள் ஒரு பாதியினருக்குக் கைப்பேசியில் குறுஞ்செய்தி வாயிலாக உணவு, உடற்பயிற்சி பற்றி நினைவூட்டினர். இரண்டாண்டு இறுதியில், செய்தி பெறாதோரில் 27 விழுக்காட்டினரும் பெற்றோரில் 18 விழுக்காட்டினரும் நோயுற்றிருந்தனர். பணிச்சுமையில் மூழ்கியவருக்கு வேண்டியிருந்தது அறிவு அன்று, நினைவூட்டலே என்பது என் கருத்து.

ஊசியும் வெயிலும்

இன்சுலினைத் திறக்காத நிலையில் 2 முதல் 8 பாகை வெப்பத்தில் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், உறைய விடலாகாது. பயன்பாட்டில் உள்ள புட்டியைக் கடும் வெயில் படாத அறை வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் வைத்திருக்கலாம். ஆனால் வேலூர் வெயிலில் இருசக்கர வண்டியின் பெட்டிக்குள் நாள் முழுவதும் கிடந்த இன்சுலின் வீரியம் இழந்துவிடும். குளிர்பெட்டி இல்லாத பணியிடத்தில், நீர் தெளித்த மட்பானைக்குள் சிறு பையிலிட்டு வைப்பது நம் ஊர் கண்ட நல்ல உபாயம். மற்றோர் எச்சரிக்கை: நம் நாட்டுப் புட்டிகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்டவையும் உண்டு, 100 அலகு கொண்டவையும் உண்டு. முன்னதற்குச் சிவப்பு மூடி ஊசிக்குழல். பின்னதற்குச் செம்மஞ்சள் மூடி. அவசரத்தில் ஒன்றுக்கு மற்றொன்றை வாங்கினால் அளவு இரண்டரை மடங்கு கூடியோ குறைந்தோ போய்விடும்.

யாரிடம் சொல்வது?

ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்பதில்லை. அருகில் பணிபுரியும் ஒருவர், மேற்பார்வையாளர் ஒருவர் ஆக இருவர் அறிந்திருந்தால் போதும். சொல்லும்போது நோயை மட்டும் சொல்லாமல், தமக்கு வேண்டியதையும் சேர்த்துச் சொல்வது நலம்: 'எனக்கு நீரிழிவு உண்டு, ஒரு மணிக்கு உணவு தவறக் கூடாது, நான் தடுமாறினால் என் பையிலுள்ள குளுக்கோஸைக் கொடுங்கள்.' இதில் இரங்கத்தக்கது எதுவுமில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே, ஐந்து மணி நேரத்துக்கு மேல் அரைமணி இடைவேளையின்றி வேலை வாங்கலாகாது என்று விதித்தது. நோயில்லாதவர்க்கே அது உரிமை. எனினும் அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எண்ணிய இருபத்தொரு குறைபாடுகளுள் நீரிழிவு இடம்பெறவில்லை. தனியார் சிறு நிறுவனத்தில் நோயைச் சொன்னால் அடுத்த ஆள் குறைப்பில் தம் பெயர் வருமோ என்று அஞ்சுபவரைக் கோழை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. நிறுவனம் நடத்தும் பெரியோர்கள் இக்கூட்டத்தில் பலர் உள்ளனர். அந்த அச்சத்தைப் போக்க வல்லவர்கள் அவர்களே.

தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் சேர்ந்தோர் அதன் மருந்தகங்களில் நீரிழிவு மருந்தைக் கட்டணமின்றிப் பெறலாம். அதற்கான ஊதிய வரம்பு 2017 சனவரியில் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நோயால் பணிக்குச் செல்ல இயலாத காலத்துக்கு ஊதியத்தில் 70 விழுக்காடு ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரைகளை இல்லத்துக்கே கொண்டுவந்து தருகிறது. மருந்துச் செலவுக்கு அஞ்சி ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை உண்போர் இவற்றை அறிந்திருத்தல் வேண்டும்.

நோன்பும் பணியும்

ரமலான் மாதத்தில் பணியையும் நோன்பையும் மாத்திரையையும் ஒருங்கே நடத்துவோர் நம்மிடையே பலர். நோயாளிக்கும் பயணிக்கும் மார்க்கம் சலுகை அளித்துள்ளது. விடுபட்டதை வேறு நாள்களில் நோற்கவோ, இயலாதார் ஏழைக்கு உணவளிக்கவோ வழியுண்டு. அச்சலுகையை ஏற்பது ஈமானின் குறைவு என்று எண்ணுவோருக்கு ஆலிம்கள்தாம் விளக்கம் தர வேண்டும். 13 நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நீரிழிவுடையோரிடம் 2001ஆம் ஆண்டு நடத்திய ஓர் ஆய்வில், இரண்டாம் வகையினரிடம் கடும் தாழ் சர்க்கரை ரமலானில் ஏழரை மடங்கு மிகுந்திருந்தது. 2021இல் உலகளாவிய நீரிழிவு அமைப்பு வெளியிட்ட வழிகாட்டி, நோன்பு நோற்பதன் இடரை மதிப்பெண்ணிட்டு மூவகையாகப் பிரிக்கிறது. கடும் உடலுழைப்புத் தொழிலுக்கு அதில் தனி மதிப்பெண்ணே உண்டு. மேசைப் பணியாளருக்குப் பொருந்துவது மூட்டை தூக்குபவருக்குப் பொருந்தாது. ஆகவே ரமலானுக்கு ஆறு, எட்டு வாரம் முன்பே மருத்துவரைக் கண்டு மருந்து வேளையை மாற்றிக்கொள்ள வேண்டும். விரல் நுனியில் ஊசி குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. 70க்குக் கீழ் இறங்கினாலும் 300க்கு மேல் ஏறினாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும். ஸஹர் உணவை விட்டுவிட்டு நோன்பு நோற்பதும், மஃரிபுக்குப் பின் சமோசாவும் சர்பத்துமாக ஈடுகட்டுவதும் இரண்டும் ஆகா. நோன்புக் கஞ்சி ஒரு குவளையோடு தொடங்குவது எவ்வளவோ மேல்.

இனி மாணவர்க்கு ஒரு சொல். முதல் வகை நீரிழிவோடு வகுப்பறையில் அமர்ந்திருப்போர் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கக்கூடும். மூன்று மணி நேரத் தேர்வுக்கூடம் அவர்களுக்கு முதற்பணியிடம் போன்றது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017ஆம் ஆண்டில், இத்தகைய மாணவர் சர்க்கரை மாத்திரை, பழம், நீர், சிற்றுணவு ஆகியவற்றைத் தேர்வுக்கூடத்துக்குள் கொண்டுசெல்ல அனுமதித்துச் சுற்றறிக்கை விடுத்தது. கல்லூரி மாணவர் தம் துறைத்தலைவரிடம் மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே விண்ணப்பித்தால், இந்த முன்மாதிரியைக் காட்டி இசைவு பெறலாம். விடுதியில் அறைத்தோழர் ஒருவரேனும் குளுக்கோஸ் எங்குள்ளது என்று அறிந்திருக்க வேண்டும். பணியில் சேரும் நாளில் எடுத்துச்செல்லும் பையில் சோதனைக் கருவி, குளுக்கோஸ் பொட்டலம், ஒரு வேளை மருந்து, நோயின் பெயரும் மருந்தின் பெயரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதிய சிறு அட்டை ஆகிய நான்கும் இருக்கட்டும். ஆண்டுக்கொரு முறை விழித்திரை, சிறுநீர்ப் புரதம், பாத உணர்ச்சி ஆகிய மூன்றையும் சோதிக்க ஒரு நாள் விடுப்பு வேண்டும். அந்நாளை இப்போதே நாட்காட்டியில் குறித்து வைக்கலாம்.